வாவியும் வகுப்பறையும்

கேள்வி: சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்துக்கு எங்கள் ஊர் மீனவர்களை வகுப்புக்கு அழைக்கலாமா? அவர்கள் சொல்வது விஞ்ஞானம் ஆகுமா?
- ஓர் ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: கட்டாயம் அழையுங்கள், ரீச்சர். முடிந்தால் பிள்ளைகளைத் தோணித்துறைக்கே கூட்டிப் போங்கள்.

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் கேட்கும் 'மீன்பாட்டை' எடுத்துக்கொள்ளுங்கள். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பது நம்மவர் வழக்கம். ஒலி காற்றைவிட நீரிலும் மரத்திலும் வேகமாய்ப் போகும் என்ற பௌதிகப் பாடம் அதிலேயே இருக்கிறது. அந்த ஒலி ஊரி என்னும் நத்தையிலிருந்து வருகிறது என்று மீனவர்கள் சொன்னதை பிரித்தானிய ஆட்சி அதிகாரி எமர்சன் டெனன்ட் 1859இல் வெளிவந்த தன் நூலில் பதிந்தார். 1950களில் லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். எழுப்புவது எந்த உயிர் என்பது இன்றும் முடிவாகவில்லை. விடை தெரியாத கேள்வியைப் பிள்ளைகள் முன் வையுங்கள், அதுதான் விஞ்ஞானம்.

மாரியில் முகத்துவாரம் வெட்டும் கதையையும் கேட்கச் சொல்லுங்கள். வயல் மூழ்காதிருக்க வெள்ளம் வடிய வேண்டும் என்பார் விவசாயி. கடலில் பொரித்த இறால்குஞ்சு வாவிக்குள் வந்து வளரவும் அந்த வாய்தான் வழி என்பார் மீனவர். இருவரையும் ஒரே நாளில் அழைத்தால் நல்லது. தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதை மட்டும் கரைக்குப் போகுமுன்னே சொல்லிவிடுங்கள்.

கேட்டதை எல்லாம் அப்படியே நம்பவேண்டியதில்லை. பிள்ளைகள் மாதாமாதம் நீரின் உப்பையும் அகப்படும் மீனையும் குறித்து ஒப்பிடட்டும். சொன்னவர் பெயரை, அவர் சம்மதத்தோடு, குறிப்பேட்டில் எழுத வையுங்கள். பாரம்பரிய அறிவை மதித்துக் காக்கவேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் உயிரினப் பல்வகைமைச் சமவாயமே சொல்கிறது. வரும் மாரிக்கு முன்பே தொடங்குங்கள்.