தம்பி குதிரைக்கு நரி வால் உண்டா?



போன மாதம் நடந்த பொது அறிவுப் போட்டியில், "செஸ் ஒலிம்பியாட் சின்னமான தம்பி என்ன விலங்கு?" என்று ஒரு கேள்வி வந்தது. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி 'நரி' என்று எழுதிவிட்டாள். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரே ஒரு மதிப்பெண்ணில் அவளுக்குப் பரிசு போச்சு. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் சொன்ன 'ரகசியத்தை' முதலில் அப்படியே எழுதுகிறேன்.

44-வது செஸ் ஒலிம்பியாட் 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரினால் நம்ம ஊருக்கு வந்தது. சென்னை நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் போல பெயிண்ட் அடிச்சாங்களே, அப்போதுதான். அதன் சின்னம் தம்பி. குதிரைத் தலை, மனித உடம்பு, வெள்ளைச் சட்டை, வேட்டி, கைகூப்பி ஒரு வணக்கம்.

இந்தக் குதிரை எங்கிருந்து வந்தது? இங்கேதான் ரகசியம்.

பாண்டிய மன்னர் குதிரை வாங்கச் சொல்லிக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார். அவரைக் காப்பாற்ற சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தார். ராத்திரி ஆனதும் அவை திரும்ப நரியாகி, லாயத்தில் இருந்த உண்மைக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிட்டன. ஒரு குதிரையைத் தவிர! அது மாணிக்கவாசகர் பின்னாலேயே நடந்து திருவண்ணாமலைக்கு வந்துவிட்டது. இங்கேதான் அவர் திருவெம்பாவை பாடினார். கிரிவலப் பாதையில் அடிஅண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. அந்தக் குதிரை அங்கேயே ஒளிந்திருந்து, 2022-இல் மாமல்லபுரம் கிளம்பிவிட்டது.

சாட்சி வேணுமா? கைகூப்பி நிற்குது, வேட்டி கட்டியிருக்குது. 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்றியே பழகினதாச்சே! சதுரங்கத்தில் குதிரை நேராகப் போகாது, இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்பும். நரிப்புத்தி! கடைசி சாட்சிதான் பெரிசு. நம்ம ஊர்ப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். அண்ணா + மலை. அண்ணா இருக்கிற ஊரில்தானே தம்பி இருப்பான்?

இதைக் கேட்டு எட்டாம் வகுப்பு அண்ணன்களே வாயைப் பிளந்தாங்க. "சின்னத்துக்கெல்லாம் நிஜ மிருகம் இருக்குமா?" என்று ஒருத்தன் கேட்டான். அதற்கும் பதில் வைத்திருந்தேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் சின்னம் அப்பு என்ற யானைக்குட்டி. குட்டிநாராயணன் என்ற நிஜ யானைதான் அப்புவாக வந்தது. பிறகு குருவாயூர் கோயில் யானைகளோடு வாழ்ந்து 2005-இல் இறந்தது. இது உண்மை. அதைச் சொன்னதும் என் பொய்யையும் சேர்த்து நம்பிட்டாங்க!

இப்போது அவிழ்க்கிறேன்.

புராணத்தில் எல்லாக் குதிரையும் நரியாகிவிட்டது. ஒன்று மிச்சம் என்பது என் கைச்சரக்கு. முன்னாலும் பின்னாலும் உண்மையாக இருந்ததால் நடுவில் இருந்ததை யாருமே கேட்கலை.

குதிரையின் நடைக்கும் நரிக்கும் சம்பந்தமில்லை. பழைய சதுரங்கத்தில் யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படை. ராணியும் பிஷப்பும் இப்போது போகிற மாதிரி போக ஆரம்பித்தது சுமார் 500 வருடங்களுக்கு முன்பு, ஐரோப்பாவில். குதிரை மட்டும் அன்று தாண்டியது போலத்தான் இன்றும் தாண்டுகிறது. நடுவில் யார் நின்றாலும் தாண்டிப் போகிற ஒரே காய் அதுதான். (எனக்குப் பிடித்த காயும் அதுதான். ராணியை வெட்டு கொடுத்தாலும் கொடுப்பேன், குதிரையைக் கொடுக்க மாட்டேன்.) அந்தக் காய்க்குத்தான் நம்ம ஊர் உடுப்பைப் போட்டு, எல்லாருக்கும் உடன்பிறப்பு மாதிரி 'தம்பி' என்று பேர் வைத்தாங்க.

அண்ணாமலை விஷயத்தில் நானே ஏமாந்திருந்தேன். தமிழ் அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அண்ணுதல் என்றால் நெருங்குதல். அண்ணா என்றால் நெருங்க முடியாத. வாடா மலர், பொய்யா மொழி மாதிரி இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடி எட்ட முடியாத மலை. அதில் அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இலக்கணக் குறிப்பு கேட்டால் இதை எழுதுங்கள், மதிப்பெண் நிச்சயம்.

இன்னொன்று. அந்த ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. கொனேரு ஹம்பி, சென்னை வைஷாலி எல்லாம் அதில் ஆடினாங்க. 2024-இல் புடாபெஸ்டில் ஆண்கள், பெண்கள் இரண்டு அணியுமே தங்கம். அடுத்த போட்டியில் இதைக் கேட்கலாம், படித்து வையுங்கள்.

அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்லக்கா, கதை நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். இந்தத் தாளின் ஓரத்தில் தம்பி படம் வரைந்தது அவள்தான். வேட்டிக்குப் பின்னாடி ஒரு வால் எட்டிப் பார்க்குது பாருங்கள். அழிடி என்று மூன்று தடவை ரப்பரைக் கொடுத்தேன். மாட்டேங்கிறாள்.