தொலைக்கல்வி வழியே யவனர் நாகரிகம்

மனோர் பார்க்கின் ஊடாகச் செல்லும் ரொம்ஃபோர்ட் வீதியில் நாம் நாள்தோறும் நடமாடுகின்றோம். உரோமர் இலண்டனிலிருந்து கொல்செஸ்டர் நகருக்கு அமைத்த நெடுஞ்சாலையின் தடமே அது என்பதைப் பலர் அறியார். அயலிலுள்ள வான்ஸ்டெட் பூங்காவில் 1715ஆம் ஆண்டு நிலத்தைத் தோண்டியபோது, உரோமர் காலத்து வண்ணக்கல் பதித்த தளம் ஒன்று வெளிப்பட்டது. பண்டைய கிரேக்க, உரோம நாகரிகம் நம் காலடியிலேயே கிடக்கின்றது. அதனைத் தமிழர் கற்பதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. கற்பதற்குரிய வழியும் உண்டு.

நம் முன்னோர் சென்ற வழி

வீட்டிலிருந்தே கற்றுப் பட்டம் பெறுதல் நமக்குப் புதியதன்று. 1858ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம், தன் வகுப்புகளுக்கு வாராதோரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என விதி வகுத்தது. இலங்கையிலிருந்தவாறே அப்பட்டத்தைப் பெற்றோர் பலர். 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை, இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. அக்காலத்தில் இலத்தீன் பயின்ற தமிழ் மாணவரும் இருந்தனர். உரோமாபுரியில் கல்வி கற்ற தனிநாயகம் அடிகளார், சங்கப் பாடல்களின் இயற்கைக் காட்சிகளைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்புநோக்கி ஆராய்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இன்றுள்ள வழி

1969இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் 1971இல் முதல் மாணவரைச் சேர்த்தது. முன்தகைமை கேளாமலே இளமாணிப் பட்டப் படிப்பில் அனுமதிப்பது அதன் சிறப்பு. கிரேக்க, உரோம இயலும் அங்கே கற்பிக்கப்படுகின்றது. சிறப்புப் பட்டத்திற்கு 360 புள்ளிகள் வேண்டும். ஆண்டொன்றுக்கு 60 புள்ளிகள் எனப் பயில்வோர் ஆறாண்டுகளில் நிறைவு செய்யலாம். கிழமைக்கு ஏறத்தாழ 16 முதல் 18 மணிநேரம் ஒதுக்க வேண்டும். உரிய காலத்தில் ஒப்படைகளை எழுதி அனுப்பினால், ஆசிரியர் திருத்திக் குறிப்பெழுதுவார். பணம் செலுத்துமுன் சுவைத்துப் பார்க்க விரும்புவோர், அப்பல்கலைக்கழகம் 2006 முதல் இணையத்தில் வழங்கும் இலவசப் பாடங்களில் தொடங்கலாம். கிரேக்கமோ இலத்தீனோ அறியாதோரும் ஆங்கில மொழிபெயர்ப்பின் துணைகொண்டு இந்நாகரிகத்தைப் பயிலலாம்.

ஒரு துறைமுகம், மூன்று சான்றுகள்

இக்கல்வி வெறும் மன்னர் பெயர்களை மனனஞ் செய்வதன்று. சான்றுகளை எடைபோடுவதே அதன் உயிர். சேர நாட்டு முசிறியை எடுத்துக்கொள்வோம்.

முதற் சான்று தமிழ். யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகின்றது.

இரண்டாவது சான்று கிரேக்கம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பப்பிரசுத் தாள் ஒன்று வியன்னாவில் உள்ளது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. முசிறி வணிகத்திற்காகப் பெற்ற கடன் பற்றிய ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் உள்ளது. ஹெர்மபொல்லோன் என்னும் கப்பலில் வந்த சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலியவற்றின் கணக்கு மறுபக்கத்தில் உள்ளது. நான்கில் ஒரு பங்கு சுங்கவரியாகச் செலுத்த வேண்டியிருந்ததையும் அத்தாள் காட்டுகின்றது.

மூன்றாவது சான்று இலத்தீன். கி.பி. 79இல் இறந்த பிளினி, ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தெர்ஸ் நாணயம் இந்தியாவுக்குச் சென்றுவிடுகின்றதென முறையிட்டார்.

புலவர் வளத்தைக் கண்டார். வணிகர் கடனையும் வரியையும் கண்டார். பிளினி செலவைக் கண்டார். எழுதியவர் யார், எப்போது, யாருக்காக என்று வினவும்போதே மூன்றும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

நமது கடமை

கிரேக்கமும் இலத்தீனும் கற்றோர் இந்நாட்டில் உளர். அவருள் தமிழ்ச் சான்றைத் தமிழிலேயே படிக்க வல்லவர் மிகச் சிலரே. நம்மிடையே தமிழறிந்தோர் பலர் இருந்தும், ஏனைய இரண்டையும் நாடுவோர் அரியர். மூன்று சாட்சிகளுள் ஒருவரை மொழிபெயர்ப்பாளர் வாயிலாக மட்டுமே கேட்கும் வழக்கில் தீர்ப்பு நிறைவுறுமா?

மாணவச் செல்வங்களே, வார இறுதியில் நீங்கள் கற்கும் தமிழ், பள்ளிக்கூடத்தில் கற்கும் பாடங்களுக்குப் புறம்பானதன்று. உலக வரலாற்றின் ஒரு திறவுகோல். போரினாலும் புலப்பெயர்வினாலும் கல்வி இடையறுந்த பெற்றோரே, பிள்ளைகள் உறங்கிய பின் உங்கள் புத்தகத்தையும் திறவுங்கள். படிக்கும் பெற்றோரைக் காணும் பிள்ளைக்குப் படியென்று சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அவர்களை அழைத்துச் சென்று, சஃபோக்கில் 1992இல் கண்டெடுத்த உரோமரின் வெள்ளி மிளகுச் சிமிழ்களைக் காட்டுங்கள். அம்மிளகு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.