உங்க ஊர் ஆறு பாஸா, ஃபெயிலா?

தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே, குளிச்சா என்னன்னு தோணுதா? கண்ணை நம்பாதீங்க!

மாநில வாரியங்களின் துணையோடு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளில் ஆங்காங்கே நீர் எடுத்துச் சோதிக்கிறது. அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்ஸிஜனைக் காலி செய்யும். மூடிய பாட்டிலில், 27 டிகிரியில் 3 நாள் வைத்து, எவ்வளவு ஆக்ஸிஜன் குறைந்தது என்று அளப்பார்கள். இதுதான் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தப் பகுதி பட்டியலில் ஏறும்.

பட்டியலில் ஐந்து வகுப்பு. 3 முதல் 6 வரை ஐந்தாம் வகுப்பு. 30-ஐத் தாண்டினால் முதல் வகுப்பு. பெருமை இல்லீங்க, முதலில் சுத்தம் செய்ய வேண்டிய இடம்னு அர்த்தம்! 2022 அறிக்கையில் 279 ஆறுகளில் 311 பகுதிகள் சிக்கின. கூவத்தில், ஆவடிக்கும் சத்யா நகருக்கும் இடையே, அளவு 345!

ஒன்று கவனிங்க. பி.ஓ.டி. அழுக்கைத்தான் சொல்லும், நோய்க் கிருமிகளை எண்ணாது. அதற்குத் தனிச் சோதனை உண்டு. எனவே பட்டியலில் இல்லாத ஆற்று நீரையும் அப்படியே குடிக்காதீங்க. காய்ச்சிக் குடிங்க. சாக்கடை கலக்கிற இடத்துக்குக் கீழே குழந்தைகளைக் குளிக்க விடாதீங்க. உடம்பில் காயமிருந்தால் நீங்களும் இறங்காதீங்க.