முதல் குறையாத ஈகை

இல்லறத்தார்க்குரிய கடமைகளுள் தானம் தலையாயது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என அதனை நால்வகையாக நம் முன்னோர் வகுத்தனர். ஆயினும், பிறர்க்கு ஈயுங்கால் தம் தேவையை எவ்வளவு பேணலாம் என்னும் ஐயம் நம் இல்லங்களில் உண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் குந்தவை ஜினாலயம் அமைந்துள்ளது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவியார் அங்கு நந்தா விளக்கிற்கு 20 காசும் திருவமுதிற்கு 10 காசும் அளித்ததைக் கல்வெட்டு கூறுகின்றது. சோழர் கால விளக்குக் கொடைகளில், காசு பெற்றோர் முதலைத் தொடாது அதன் வட்டியால் விளக்கெரித்தனர். ஆடு பெற்றோர் மந்தை குன்றாது காத்து நெய் அளந்தனர். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே கல்வெட்டுகள் குறிக்கின்றன. மந்தை அழிந்தால் விளக்கும் அணையும் அன்றோ?

ஈவோரின் உடல்நலமும் வாழ்வுப்பொருளும் இத்தகைய முதலே. தமக்குரிய மருந்தை வாங்காது விழாவிற்குப் பொருள் தரும் மூதாட்டியாரும், சேமிப்பு முழுவதையும் வழங்கிவிட்டுப் பிறர் கையை எதிர்நோக்கும் முதியவரும் முதலைக் கரைத்தவராவர்.

நன்மையின் பொருட்டுத் தன்பொருளை ஈவதே தானம் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. அந்நன்மை ஈவோர், ஏற்போர் இருவர்க்கும் உரியது என்று பூஜ்யபாதர் விளக்குவார். மலர் வாடாது தேன் கொள்ளும் வண்டுபோல, இல்லத்தார் வருந்தாவண்ணம் முனிவர் உணவேற்க வேண்டும் என்பதும் நம் நெறியே.

உண்ணாநோன்பு தன்னை வருத்துவதன்றோ எனச் சிலர் வினவலாம். நோன்பு, ஆற்றலறிந்து உறுதியுடன் ஏற்பது. அனைவர்க்கும் பரிமாறியபின் எஞ்சியது இன்மையால் பட்டினி கிடப்பது நோன்பன்று. அவ்வீட்டார் கவனிக்கத் தவறிய குறையே அது.

எனினும், தன்னைப் பேணுதல் பேராசைக்குப் போர்வையாகலாகாது. இதற்கு அளவுகோலாக அமைவது மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம். குடும்பத்தின் உணவு, மருத்துவம், கல்வி, முதுமை ஆகியவற்றிற்கு வேண்டுவதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். அவ்வரம்பை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போகாதிருப்போம். அதற்கு மேற்பட்டதைத் தயக்கமின்றி ஈவோம்.

இல்லத்தார் அனைவரும் ஒருநாள் கூடியமர்ந்து இக்கணக்கை எழுதுக. அடுக்களையில் இறுதியாக உண்பவரின் தேவையை அதில் முதலாவதாக எழுதுக.