நாலரை மணிக்கு வரும் இனிப்பு ஆசை



எங்க ஊர் சங்கரன்கோவிலை ஒரு தடவை மேப்ல பாருங்க. கிழக்கே கோவில்பட்டி, கடலை மிட்டாய். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவா. தெற்கே திருநெல்வேலி, அல்வா. முதல் ரெண்டும் புவிசார் குறியீடு வாங்கியவை. மூணாவதுக்கு அறிமுகமே தேவையில்லை. இப்படி மூணு பக்கமும் இனிப்பு சூழ்ந்த ஊர்ல பிறந்தவன் "எடை குறைக்கப் போறேன்"னு சொன்னா வீட்ல சிரிக்கத்தான் செய்வாங்க. எங்க ஆச்சியும் சிரிச்சாங்க. "எய்யா, வளர்ற புள்ள வயித்தக் காயப் போடக் கூடாது"ன்னாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. போன செமஸ்டர்ல ஒரு மருத்துவ முகாமில் ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்தேன். கடந்த ரெண்டு மூணு மாசத்து சராசரி சர்க்கரை அளவைக் காட்டுற சோதனை அது. 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. எனக்கு 6.0. வயசு 20. அப்பா பத்து வருஷமா மாத்திரை சாப்பிடுகிறார், அதனால் அந்த எண்ணோட அர்த்தம் எங்க வீட்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. 13 கோடிக்கும் மேலானவங்க என்னை மாதிரி எல்லைக்கோட்டில் நிற்கிறாங்க.

முதல் முயற்சி: தோல்வி

அன்னைக்கே இனிப்பை முழுசா நிறுத்தினேன். ஒன்பது நாள் தாக்குப் பிடிச்சேன். பத்தாவது நாள் லேப் முடிஞ்சு நாலரை மணிக்கு கேன்டீன்ல ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை நின்னுக்கிட்டே காலி பண்ணிட்டேன். "உனக்கு மன உறுதி பத்தாதுலே"ன்னான் ரூம்மேட். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும்: அவுட்புட்டை மட்டும் அமுக்கிப் பிரயோஜனமில்லை, இன்புட் எங்கே இருந்து வருதுன்னு பார்க்கணும். ஒரு வாரம் நோட்டுல எழுதினேன். எப்போ இனிப்பு ஆசை வந்தது, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டேன், எவ்வளவு நேரம் தூங்கினேன். மூணு விஷயம் தெளிவாச்சு.

ஒன்று: அது பசி

காலை டிபனை விட்ட நாட்களில்தான் நாலரை மணி ஆசை மோசமா இருந்தது. வெறும் வயித்துல சீனி போட்ட டீயும் பிஸ்கட்டும் போனால் ரத்தத்தில் சர்க்கரை வேகமா ஏறும், இன்சுலின் சுரக்கும், கொஞ்ச நேரத்தில் அது இறங்கும், மறுபடி பசிக்கும். இப்போ காலையில் இட்லியோட ஒரு முட்டை, நாலு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல் அல்லது வறுத்த கடலை. புரதமும் நாரும் வயித்துல நின்னு பேசும். பாதி ஆசை இதிலேயே அடங்கிடுச்சு.

இரண்டு: அது தூக்கம்

2004ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி வெறும் நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டாங்க. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. போதும்னு சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல ஆசையும் கூடியது. அசைன்மென்ட் எழுதி விடிய விடிய முழிச்ச மறுநாள் நம்ம கை ஏன் மிட்டாய் டப்பாவைத் தேடுதுன்னு இப்போ புரியுதா?

மூன்று: அது பழக்கம்

அதே நேரம், அதே கேன்டீன், அதே பெஞ்சு. இடத்தைப் பார்த்ததும் ஆசை தானா வருது. வந்த ஆசை அப்படியே நிக்கிறதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தணிஞ்சுடும். வேகமா 15 நிமிஷம் நடந்தால் சாக்லேட் ஆசை குறையுதுன்னு இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொல்லுது. லேப் முடிஞ்சதும் கேன்டீனுக்கு நேரா போகாம மைதானத்தை ரெண்டு சுத்து சுத்திட்டுப் போறேன்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

நான் ஒரு நாளைக்கு நாலு டீ குடிப்பேன். ஒரு டீக்குச் சுமார் 10 கிராம் சீனி, ஆக 40 கிராம், 160 கலோரி. வருஷத்துக்கு 14.6 கிலோ சீனி! மாசம் ஒரு தடவை 100 கிராம் அல்வா சாப்பிட்டு, அது மொத்தமும் சீனிதான்னே வெச்சுக்கிட்டாலும், வருஷத்துக்கு 1.2 கிலோதான் வருது. நான் இத்தனை நாள் அல்வாவைக் குற்றவாளியா நினைச்சேன். உண்மையான ஆள் டீ கிளாஸுக்குள்ள ஒளிஞ்சிருந்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்னது: சேர்க்கப்படும் சர்க்கரை, மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கணும், 5 சதவீதம், அதாவது சுமார் 25 கிராம், ஆனால் இன்னும் நல்லது. என் டீயே அதைத் தாண்டிடுச்சு.

அதனால் அல்வாவை விடலை, டீயைக் குறைச்சேன். நாலு டீ ரெண்டாச்சு. சீனியை ரெண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்கினேன். நாக்கு பழகிடும், இப்போ பழைய டீயைக் குடிச்சால் பாயசம் மாதிரி இருக்கு.

ரெண்டு சந்தேகங்கள்

"கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுல்லா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புக்கள் உண்டு, மணமும் உண்டு. ஆனால் பெரும்பகுதி அதுவும் சர்க்கரைதான். கலோரியும் சீனிக்கு நெருக்கம். ருசிக்காகச் சாப்பிடலாம், மருந்துன்னு நினைச்சுச் சாப்பிடக் கூடாது.

சுகர் ஃப்ரீ மாத்திரை? எடை குறைப்பதற்காகச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல் பரிந்துரைத்தது. இனிப்புப் பழக்கமும் அப்படியே இருந்துடும்.

இப்போ நான் எங்கே?

நாலு மாசத்தில் 4 கிலோ குறைஞ்சிருக்கு. ஹெச்பிஏ1சி 5.8. இன்னும் எல்லைக்கு இந்தப் பக்கம் வரலை. தீபாவளிக்கு ஒரு வாரம் கை மீறிப் போனதும் உண்மை; ஆனால் அதுக்காக எல்லாத்தையும் விட்டுடலை, மறுநாள் டீயிலிருந்து திரும்ப ஆரம்பிச்சேன்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவங்க, டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீங்க. சர்க்கரை திடீரென்று இறங்கினால் அதுவும் ஆபத்து.

நாங்க ஆடித்தபசு ஊர்க்காரங்க. கோமதி அம்மன் ஒத்தைக் காலில் நின்ன கதை கேட்டு வளர்ந்தவங்க. ஆனால் உடம்பைக் குறைக்க அவ்வளவு பெரிய தபசு வேண்டாம் நண்பர்களே. நாளைக்கு நோட்டை எடுத்து, நாலரை மணிக்கு உங்களுக்கு என்ன நடக்குதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க. போன வாரம் ஊருக்குப் போனப்போ அப்பா டீயில் சீனியைக் கலக்குறதுக்கு முன்னாடி கேட்டார்: "நீ இப்போ எத்தன ஸ்பூன்லே போடுத?"

அரைன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. ஒரு ஸ்பூனோட டப்பாவை மூடிட்டார்.