கருமத்தில் தெளிவு

இராமேசுவரத்தில் நிகழும் ஸ்ரீ சீதாராம திருக்கல்யாண உற்சவத்தின்போது, இராமதீர்த்தத்தின் நடுவே அமைந்த கல்யாண ஸ்தலத்திற்கு உற்சவ மூர்த்திகளை எழுந்தருளச் செய்யும் படகுகளை அவ்வூர் இஸ்லாமியக் குடும்பம் ஒன்று அமைத்துத் தந்துவந்தது. அக்குடும்பத்தில் 1931-ஆம் ஆண்டு பிறந்தவரே டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அவர் தம் அலுவலில் எடுத்த ஒரு முடிவு ஆராயத்தக்கது.

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் புறப்படச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு உண்டெனக் கணிப்பொறி தடை கூறிற்று. உடனிருந்த வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்துக் கையிருப்பு போதும் என்றனர். திட்டத்தின் பொறுப்பை ஏற்றிருந்த கலாம், கணிப்பொறியின் தடையை விலக்கி ராக்கெட்டைச் செலுத்தினார். முதற்கட்டம் செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் கட்டம் கட்டுக்கடங்காது போயிற்று. 317 விநாடிகளில் பயணம் முடிந்து, ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது.

பிழை எங்கே? வால்வு ஒன்று மாசு படிந்து மூடாமல் நின்றமையால் நைட்ரிக் அமிலம் வெளியேறிவிட்டது எனப் பின்னர் அறியப்பட்டது. 'எவ்வளவு உள்ளது?' என்பது ஒரு வினா. 'ஏன் கசிகிறது, கசிவு நிற்குமா?' என்பது வேறொரு வினா. கணக்கு முதல் வினாவிற்கே விடையாயிற்று. பல்லாண்டு உழைப்பு கண்முன் நிற்க, காலமோ நிமிடங்களாய்ச் சுருங்கும்போது, எளிதில் விடை கிடைக்கும் வினாவையே மனம் பற்றிக்கொள்ளும். பேரறிஞர்க்கு நேர்ந்த இது நம் கடைத்தெருவிலும் அன்றாடம் நேர்வதுதான். கல்லாவில் பணம் குறையக் கண்ட வணிகர், 'இம்மாதத்திற்குப் போதுமா?' என்று எண்ணிப் பார்த்துப் போதுமென்றால் அமைதியுறுகிறார். அது எவ்வழியே குறைகிறதென்று பாரார். தடை கூறும் கணக்கப்பிள்ளையோ வேண்டாதவராகிவிடுகிறார்!

இனி, தவறு நேர்ந்தபின் நிகழ்ந்தது. அன்று பத்திரிகையாளர்முன் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே சென்று பழியை ஏற்றார். ஆய்வுக் கூட்டத்தில் கலாமும், புறப்பாட்டை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாமே என்பதை மறைக்காது ஒப்புக்கொண்டார். தலைவர் பழியைத் தாங்கிய இடத்தில் கீழுள்ளோர்க்கு உண்மையை மறைக்கும் தேவை எழுவதில்லை. வால்வின் மாசு வரை ஆராய்ச்சி சென்றது அதனாலும் ஆகலாம்.

1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3, ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று பத்திரிகையாளர்முன் பேசும்படி தவான் கலாமையே அனுப்பினார்.