கஞ்சன்ஜங்கா: மிதியாதுவிட்ட உச்சி

உலகத்து மலைமுடிகளுள் உயரத்தால் மூன்றாவது கஞ்சன்ஜங்கா. இது நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் எல்லையாய் 8586 மீற்றர் உயர்ந்து நிற்பது. சிக்கிம் மக்கள் இதனைத் தம் நாட்டைக் காக்குந் தெய்வத்தின் இருப்பிடமாகக் கொண்டு வழிபடுவர்.

1905ஆம் ஆண்டு இதில் ஏற முயன்றோருள் நால்வர் பனிச்சரிவில் மாண்டனர். 1929இலும் 1931இலும் பவுல் பௌவர் தலைமையில் வந்த ஜெர்மானியர் உச்சியை அடையாது மீண்டனர். 1955இல் பிரித்தானியக் குழுவின் தலைவர் சாள்ஸ் எவன்ஸ், உச்சியை மிதியோம் எனச் சிக்கிம் அரசினர்க்கு வாக்களித்தார். மே 25ஆந் திகதி ஜோர்ஜ் பாண்டும் ஜோ பிரௌனும் கடைசிப் பாறைவெடிப்பைக் கடந்து மேலேறினர். உச்சிப்பனி சில அடித் தூரத்திலே கிடந்தது. அவ்விடத்தே நின்று திரும்பினர். மறுநாள் ஏறிய ஹார்டி, ஸ்றீதர் என்னும் இருவரும் அவ்வாறே செய்தனர்.

ஆசிரியர் இங்கே சிறிது நிறுத்துக. அம்முடியில் அவர்களைக் காண்பார் ஒருவருமிலர். அடிச்சுவட்டையும் பனி மறைத்திருக்கும். ஆயினும் வாக்குப் பிழைத்திலர். ஆசிரியர் வெளியே சென்றவுடன் அயலான் பலகையைப் பார்த்தெழுதும் பிள்ளைக்கு இது தக்க பாடம். நமக்கும் ஒன்றுண்டு: அவர்கள் மதித்தது தாம் வழிபடாத தெய்வத்தை. பிறர் வழிபடுபொருளைப் பேசுமிடத்து நம் நா அவ்வாறு நிற்கின்றதா?

அப்பியாச வினாக்கள்
1. கஞ்சன்ஜங்கா எவ்வெல்லையில் உள்ளது?
2. 1955இல் ஏறியோர் உச்சியை மிதியாமைக்குக் காரணம் யாது?
3. ஒருவருங் காணாதவிடத்து நீ காத்த வாக்கு யாது?